வெறுங்கால் சாட்சி

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைக் கடைசியாக வெறுங்காலோடு நின்று தொட்டது யார்? நீங்களா, உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவரா?

யோசித்துக்கொண்டிருங்கள். அதற்குள் ராஜபாளையத்து அய்யம்மாளின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அய்யம்மாள் பாவாடை தாவணிப் பருவத்திலேயே நூற்பாலைக்குப் போனவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கி, இருமல் அடங்காமல் போனபோது ஆலைக்கு அவர் வேண்டாதவரானார். கணவர் சமுத்திரம் பருத்திக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறார். அந்த வருமானம் அரிசிக்கு வந்தால் பருப்புக்கு வராது. அதனால் தென்காசி சாலையை ஒட்டிய ஒரு தெருவில் அய்யம்மாள் வீட்டு வேலைக்குப் போனார். அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் நல்ல பெயர் எடுத்தால் அடுத்த வீட்டில் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டில் பொய்க்காரி என்று பெயர் வந்தால் தெரு மொத்தமும் கதவைச் சாத்திக்கொள்ளும். அய்யம்மாளுக்குச் சொத்து என்று இருந்தது அந்தப் பெயர்தான்.

அவர் வேலை பார்த்த வீடுகளில் பெரியது வக்கீல் சிவபாண்டியின் வீடு. சிவபாண்டி தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய் வருகிறவர். அவருடைய மனைவி இன்பம் கெட்டிக்காரி. வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். அதாவது, அய்யம்மாளை வைத்து அப்படி வைத்திருப்பார். அய்யம்மாளுக்குப் பின்வாசல். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பூஜையறை இருக்கிற வீடு என்பது காரணம். வீட்டுக்காரர்களோ அதே பூஜையறையின் வாசல் வரைக்கும் ஆளுக்கொரு ரப்பர் செருப்போடு நடமாடினார்கள். டைல்ஸ் தரையின் குளிர்ச்சி மூட்டுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அய்யம்மாளின் மூட்டைப் பற்றி அந்த டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை.

ஐப்பசியில் அய்யனார் கோவில் மலைப்பக்கம் கருத்து, ஒரு சாயங்காலம் இடி இறங்கியது. வக்கீல் வீட்டு டிவி புகைந்து அணைந்தது. மறுநாள் சிவபாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும்போது வழக்கமான பால்கோவாவோடு ஒரு சர்ஜ் புரொடெக்டரும் வாங்கி வந்தார். பார்வைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரிதான் இருந்தது. மின்னல் நேரத்தில் கம்பி வழியாக வரும் அதிகப்படி மின்சாரத்திலிருந்து சாமான்களைக் காக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைக் கடைக்காரரும் சொல்லவில்லை, வக்கீலும் கேட்கவில்லை.

எலக்ட்ரீசியன் வில்சன் வந்து மாட்டினார். இடி விழுந்த மறுநாள் என்பதால் தெருவெல்லாம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, நிற்க நேரமில்லை. அன்றே வாங்கிய புது டிவி, இணையப் பெட்டி, இருக்கிற பயத்தில் சமையலறை வாசலை ஒட்டி நின்ற ஃப்ரிட்ஜ் என்று எல்லாவற்றையும் அந்த ஒரே பாக்ஸில் சொருகினார்கள்.

“செவப்பு லைட்டு எரியுது, இந்தப் பச்சை ஏன் எரியல வில்சன்?” என்று இன்பம் கேட்டார்.

“அது சும்மா கெடக்குக்கா. செவப்பு எரிஞ்சா கரண்டு வருதுன்னு அர்த்தம். நமக்கு அம்புட்டுத்தான வேணும்?” வில்சன் அதற்குள் வண்டியை உதைத்துவிட்டார்.

மறுநாள் காலை அய்யம்மாள் சமையலறைத் தரையைத் துடைத்துவிட்டு, ஈரக்காலோடு நின்று தயிர்ச் சட்டியை வைக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார். இரும்புக் கைப்பிடியில் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. மறுபடி தொட்டார். மறுபடியும் சுருக்.

“ஏம்மா, இந்த ஃப்ரிட்ஜ் என்னமோ ஷாக் அடிக்குது.”

இன்பம் வந்தார். கைப்பிடியைப் பிடித்தார், திறந்தார், மூடினார். “எனக்கு ஒண்ணும் அடிக்கலையே? உனக்கு நரம்புத் தளர்ச்சியா இருக்கும். வெறும் வயித்துல காப்பியக் குடிக்காதன்னா கேக்கியா?”

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே விஷயம் வக்கீல் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை அவர் கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒரு குறுக்கு விசாரணை நடத்தினார்.

“ஷாக் அடிக்குதுங்கிறதுக்கு என்ன சாட்சி?”

“என் கைதாங்கய்யா சாட்சி.”

“நானும் தொடுறேன், இன்பமும் தொடுறா. எங்க கைக்குத் தெரியாதது உன் கைக்கு மட்டும் எப்படித் தெரியும்?”

 அய்யம்மாளுக்கும் அதுதான் புரியவில்லை. சிவபாண்டியின் கேள்வி நியாயமான கேள்விதான். ஒரே பொருள் ஒருவரை மட்டும் அடிக்கிறதென்றால் அந்த ஒருவருக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று தேட வேண்டும். வக்கீல் தேடாமல் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். கொஞ்சம் குனிந்து கால்களைப் பார்த்திருந்தால் போதும். அந்த அறையில் இரண்டு ஜோடிக் கால்களில் செருப்பு இருந்தது. ஒரு ஜோடியில் இல்லை.

அய்யம்மாள் தனக்குத் தெரிந்த வழியைக் கண்டுபிடித்தார். மர அகப்பையின் காம்பைக் கைப்பிடிக்குள் விட்டு நெம்பி ஃப்ரிட்ஜைத் திறந்தார். அது வேலை செய்தது. ஆனால் தெருவுக்குச் சிரிக்க ஒரு கதை கிடைத்தது.

“ஏட்டி அய்யம்மா, ஃப்ரிட்ஜுக்குக் களி கிண்டுதியாமே?” என்று பக்கத்து வீட்டில் வேலை பார்க்கும் பிரிஸ்கில்லா கேட்டார்.

“நீ வந்து ஒருக்க தொட்டுப் பாரு, ஒனக்கும் சேத்துக் கிண்டுறேன்.”

“நான் எதுக்குத் தொடுறேன்? எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல எனக்கு எடுக்க ஒண்ணும் இருக்காது. பூட்டிருவாங்க.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு பிரிஸ்கில்லா, “விளையாட்டில்ல, அந்த வீட்டை விட்டுரு,” என்றார்.

விடுவது எளிதில்லை. சமுத்திரமும் அதையேதான் சொன்னார், அய்யம்மாள் ஒப்பவில்லை. “இப்ப விட்டா என்ன பேரு வரும்? சோம்பேறிக்கழுதை, ஷாக் அடிக்குதுன்னு பொய் சொல்லிட்டு ஓடிட்டான்னு தெருவெல்லாம் சொல்லுவாக. பொறவு எவ வீட்டுல என்னைச் சேப்பா? எனக்கு அடிக்கிறது நெசம். நெசம்னு அவிய வாயால சொன்ன பொறவுதான் நான் வெளிய வருவேன்.”

“நெசத்தை நிரூபிக்கிறதுக்குள்ள நீ செத்துப் போயிராத தாயி,” என்றார் சமுத்திரம்.

ஐப்பசிக் கடைசியில் இன்னொரு பெரிய இடி. இந்த முறை டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்ஜ் பாக்ஸ் காப்பாற்றிவிட்டது என்று வீட்டில் மகிழ்ச்சி. மறுநாள் அய்யம்மாள் அகப்பை இல்லாமல் அசதியில் கைப்பிடியைத் தொட்டார். இந்த முறை எறும்பு இல்லை. யாரோ முழங்கையில் கம்பால் அடித்த மாதிரி இருந்தது. மறு கையிலிருந்த குழம்புச் சட்டி தரையில் விழுந்து சிதறியது.

அன்று முழுக்க அவர் யோசித்தார். ஆலையில் கரண்டு வேலை பார்க்கிறவர்கள் தடித்த ரப்பர் செருப்போடு நின்றது நினைவுக்கு வந்தது. மறுநாள் கடைத்தெருவில் புது ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி, கழுவித் துடைத்து, மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்தார்.

“இது தெருவுல போடாத செருப்பும்மா. உள்ள மட்டும் போட்டுக்கிடுதேன். ஷாக்கு அடிக்காது.”

இன்பம் பையையும் பார்த்தார், அய்யம்மாளையும் பார்த்தார். ஷாக் அடிப்பதாகச் சொன்னபோது சிரித்தவர் இப்போது சிரிக்கவில்லை.

“நாளைக்கு சோபாவுல உக்காரணும்பியா?”

“காலுக்குத்தானம்மா கேக்கேன்.”

“வேலை செய்யப் பிடிக்கலேன்னா நேரா சொல்லு. இந்த மாசத்தோட நின்னுக்க. நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்.”

அந்தத் தெருவில் செய்தி சாயங்காலத்துக்குள் பரவிவிட்டது. அய்யம்மாள் வேலை பார்த்த இன்னொரு வீட்டில், “நாங்க ஊருக்குப் போறோம், கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்,” என்றார்கள். அவர்கள் எந்த ஊருக்கும் போகவில்லை.

இன்பம் சொன்ன மாசக் கெடு நவம்பர் முடிவு வரைக்கும்; அதற்குள் கார்த்திகை பிறந்தது. சிவபாண்டி ஆண்டுதோறும் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். மாலை போட்டால் விரதம், இருவேளைக் குளியல், கருப்பு வேட்டி. காலில் செருப்பு கிடையாது. அந்த நாட்களில் வீட்டில் எல்லோருக்கும் அவர் சாமி.

கார்த்திகை முதல் நாள் விடியலில் கோயிலில் மாலை போட்டுக்கொண்டு வந்தவர், வீட்டில் இன்னொரு முறை தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு பூஜைக்குப் பால் எடுக்கச் சமையலறைக்குப் போனார். ஃப்ரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்தார்.

பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அய்யம்மாளுக்கு முதலில் ஒரு அலறலும், பிறகு நாற்காலி சரியும் சத்தமும் கேட்டன. ஓடிவந்து பார்த்தால் சிவபாண்டி தரையில் கிடந்தார். நல்லவேளை, கை விடுபட்டிருந்தது. ஆனால் அவருடைய கால் ஃப்ரிட்ஜுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. இன்பம் அவரைத் தூக்கக் குனிந்தார்.

“தொடாதிங்க! மொதல்ல மெயினை அமத்துங்க!”

மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது இன்பத்துக்குத் தெரியவில்லை. அதை வாராவாரம் துடைக்கிறவருக்குத் தெரியும். அய்யம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் அதைக் கீழே தள்ளினார். வீடு முழுக்க அமைதியானது. அதன் பிறகுதான் இருவரும் சேர்ந்து அவரை எழுப்பி உட்கார வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் இன்பம் முதலில் தேடியது எலக்ட்ரீசியனை இல்லை.

“மாலை போட்ட அன்னைக்கே இப்படின்னா ஏதோ தீட்டுப் பட்டிருக்கு. அய்யம்மா, நீ இன்னைக்குத் தலைக்குக் குளிச்சிட்டா வந்த?”

இத்தனை நாள் பொறுத்த அய்யம்மாளுக்கு இதைப் பொறுக்க முடியவில்லை.

“எனக்கு ஐப்பசியிலருந்து அடிக்குது. நான் எந்தச் சாமிக்கு மாலை போட்டேன், எந்தத் தீட்டு எனக்குப் பட்டுச்சு? நான் சொன்னப்ப நரம்புத் தளர்ச்சி. சாமிக்கு அடிச்சா தீட்டா?”

சிவபாண்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தன் காலைப் பார்த்தார். மனைவியின் செருப்பைப் பார்த்தார். பிறகு அய்யம்மாளின் காலைப் பார்த்தார். வாய்தா கேட்டுப் பழகிய மனிதர் அன்று வாய்தா கேட்கவில்லை.

“அய்யம்மா, சரியா எப்பருந்து அடிக்குது?”

“அந்தச் சர்ஜ் பாக்ஸ் வந்த மறுநாள்லருந்துங்கய்யா.”

வில்சனுக்குப் போன் போனது. வந்தவர் பாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஹோல்டரில் மாட்டிய ஒரு பல்பை எடுத்தார். அதன் இரண்டு வயர்களை சாக்கெட்டில் கரண்டு வரும் ஓட்டையான பேஸிலும், அது திரும்பும் ஓட்டையான நியூட்ரலிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. பேஸிலும் மேலே இருக்கும் பெரிய ஓட்டையான எர்த்திலும் வைத்தார். எரியவில்லை. அடுத்த சாக்கெட்டிலும் அப்படியே. வில்சனின் முகம் தொங்கிப்போனது.

“என் தப்புக்கா. மூணாவது ஓட்டை இருந்தா எர்த்து இருக்குன்னு நம்பிட்டேன். பச்சை லைட்டு எரியலன்னு நீங்க கேட்டப்பவே இந்தப் பல்பைப் போட்டுப் பாத்திருக்கணும். எர்த்து இருந்தாத்தான் அது எரியும்.”

“எர்த்து இல்லேன்னா பாக்ஸ் எதுக்கு ஷாக் அடிக்கணும்?” என்று சிவபாண்டி கேட்டார்.

“மின்னல்ல வருத அதிகப்படிய எர்த்துக் கம்பி வழியா மண்ணுக்குத் தள்ளி விடுறது இதுக்கு வேலை. இதுக்குள்ள ஒரு வில்லை இருக்கு, அதுதான் தள்ளும். புதுசுலயே அது துளி கசியும், ஒவ்வொரு இடிக்கும் கொஞ்சங்கொஞ்சமா அடி வாங்கி வீணாப்போகும். வீணாப்போனா சும்மா இருக்கையிலயே கரண்டை நெறையக் கசிய விடும். கசியுறது மண்ணுக்குப் போயிட்டா நமக்குத் தெரியாது. இங்க மண்ணுக்கு வழி இல்ல. எர்த்துக் கம்பி ஃப்ரிட்ஜோட இரும்பு உடம்புல சேந்துருக்கு. அதனால ஃப்ரிட்ஜ் உடம்புல வந்து நிக்குது. செருப்புப் போட்டவியளுக்குத் தெரியாது. ஈரத்தரையில வெறுங்காலோட தொட்டா அவிய உடம்பு வழியா எறங்கும்.”

கொஞ்சம் நிறுத்திவிட்டு வில்சன் சொன்னார்: “இத்தனை நாளா இந்த வீட்டுக்கு அய்யம்மாக்காதான் எர்த்து.”



வீடு கட்டும்போது எர்த் போட்டிருப்பார்களே, அது எங்கே போனது? வில்சன் மீட்டர் பெட்டியிலிருந்து பச்சை வயரைத் தொடர்ந்து போனார். அது பின்பக்கச் சுவரில் இறங்கி, தென்மேற்கு மூலையில், புது டைல்ஸுக்கு மேலே வெட்டுப்பட்டு நின்றது. இன்பம் முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார். வீட்டைப் புதுப்பித்தபோது வாஸ்து பார்க்க வந்தவர், கன்னி மூலையில் இரும்புக் குழாய் குத்தி நிற்கிறது, இது வீட்டுத் தலைவரின் உயிருக்கு ஆகாது என்றாராம். குழாயைப் பிடுங்கி, குழியை மூடி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள்.

வீட்டுத் தலைவரின் உயிரைக் காக்கத்தான் அந்தக் குழாய் அங்கே நடப்பட்டிருந்தது. அதே தலைவரின் உயிருக்கு பயந்து அதைப் பிடுங்கினார்கள். படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள். மூலைக்கு ஒரு பலன் சொன்ன மனிதரிடம் சாட்சி என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அய்யம்மாளுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள்.

மின்சாரம் மூலை பார்ப்பதில்லை. மாலை போட்டவரா, விளக்குமாறு பிடித்தவரா என்றும் பார்ப்பதில்லை. கால் ஈரமா, செருப்பு உண்டா என்பதுதான் அதற்குக் கணக்கு. யாருக்குச் செருப்பு உண்டு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்தது மட்டும் மனிதர்கள்.

புது எர்த்துக்குக் குழி தோண்ட வேண்டும். எந்த மூலையில் என்று மறுபடி பேச்சு வந்தது. வடகிழக்கு ஈசானியம், ஆகாது. தென்கிழக்கு அக்னி, ஆகாது. வில்சன் கடப்பாரையைக் கீழே போட்டார்.

“அக்கா, மண்ணு எப்பவும் ஈரமா இருக்கிற எடம் எது? அதை மட்டும் சொல்லுங்க.”

துவைக்கும் கல்லுக்குப் பக்கம்தான் அந்த வீட்டில் என்றும் ஈரம் காயாத இடம். அது அதே கன்னி மூலை. டைல்ஸை உடைத்துக் குழி தோண்டினார்கள். குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு நிரப்பித் தண்ணீர் விட்டார்கள். பச்சை வயரை இறுக்கி முறுக்கினார்கள். கசிவு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை அணைத்துவிடும் ஆர்சிசிபி என்ற சுவிட்சையும் மெயினில் சேர்த்தார்கள். வீணான பாக்ஸைத் தூர எறிந்துவிட்டுப் புதியது வந்தது. ஃப்ரிட்ஜுக்குச் சுவரில் தனி சாக்கெட். வில்சன் பல்பை மறுபடி பேஸிலும் எர்த்திலும் வைத்தார். ஒரு கணம் எரிந்தது. உடனே புது சுவிட்ச் டப்பென்று விழுந்து வீடே அணைந்தது.

“ஐயோ, கெட்டுப்போச்சா?” என்றார் இன்பம்.

“கெடலக்கா. இப்படி விழணும்னுதான் மாட்டியிருக்கு.” வில்சன் சுவிட்சை மேலே தள்ளினார். புது பாக்ஸில் பச்சை விளக்கும் எரிந்தது.

மறுநாள் காலை சிவபாண்டி அய்யம்மாளைக் கூப்பிட்டார். “நீ சொன்னது நெசம். நான்தான் கேக்கல. வேலையை விட வேண்டாம். தெருவுல யாரு கேட்டாலும் நானே சொல்லுதேன்.” அவர் சொல்லவும் செய்தார். ஊருக்குப் போன வீடு உடனே ஊரிலிருந்து திரும்பிவிட்டது.

அய்யம்மாள் தலையாட்டினார். பின்வாசலுக்குப் போனார். மஞ்சள் பையிலிருந்து புது ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் வந்தார்.

இன்பம் பார்த்துவிட்டார். “அதான் எல்லாம் சரி பண்ணியாச்சே அய்யம்மா? இனிமே ஷாக் அடிக்காது. பொறவு எதுக்குச் செருப்பு?”

“ஒங்களுக்கு எப்பவும் அடிச்சதில்லையேம்மா. நீங்க எதுக்குப் போட்டிருக்கிய?”

  இன்பம் ஹாலுக்குப் போய்விட்டார். அய்யம்மாள் ஃப்ரிட்ஜைக் கையாலேயே திறந்து தயிரை எடுத்தார். அகப்பை அதன்பின் குழம்புக்கு மட்டும்தான் பயன்பட்டது.

சாயங்காலம் பிரிஸ்கில்லா, “ஏட்டி, செருப்போடயா உள்ள போன?” என்று கேட்டார்.

“ஆமா. அவிய வீட்டுத் தரை சில்லுன்னு இருக்கு. மூட்டுக்கு ஆகாதாம்ல.”

அய்யம்மாள் இன்றும் அந்த வீட்டில்தான் வேலை பார்க்கிறார்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். சர்ஜ் புரொடெக்டர் வாங்கி வைத்திருக்கிறீர்களா? அதில் எர்த்துக்கான விளக்கு எரிகிறதா என்று எழுந்து போய்ப் பாருங்கள். எரியவில்லை என்றால், அல்லது அப்படி ஒரு விளக்கே இல்லை என்றால், மூன்றாவது ஓட்டையை நம்பாதீர்கள். வெறுங்காலோடு தொட்டுச் சோதிக்கவும் வேண்டாம். பாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, தெரிந்த எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, எர்த்தைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மெயினில் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவர் வருவதற்கு முன்பு இன்னொருவரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. நாளைக் காலை உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவரிடம், “எதையாவது தொட்டா சுருக்குன்னு இருக்கா?” என்று கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னால் சாட்சி கேட்காதீர்கள். முதலில் அந்தச் சாமானின் சுவிட்சை அணையுங்கள். பிறகு, வீட்டுக்குள் போட்டுக்கொள்ள அவருக்கும் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிக் கொடுங்கள்.